சாட்சியைத் தனியே விடாதீர்கள்: மேலவளவிலிருந்து திருச்செங்கோடு வரை

சென்ற ஆண்டு ராசிபுரம் பக்கம் ஒரு மாணவர் பயிற்சி முகாம் முடிந்து பஸ்சுக்கு நின்றுகொண்டிருந்தேன். முகாம் முழுக்க வாயே திறக்காத ஒரு தம்பி, எல்லோரும் கலைந்த பிறகு அருகில் வந்தான். விடுதியில் தங்கிப் படிக்கிறவன். தங்கியிருப்பவர்களைவிடக் கூடுதலாகப் பேர் எழுதி அரிசியும் எண்ணெயும் வெளியே போவதை மூன்று மாதமாகப் பார்த்து வருகிறான். போனில் படமும் எடுத்து வைத்திருக்கிறான். "சொல்லலாங்களாக்கா, வேண்டாங்களா? சொன்னா விடுதியை விட்டு அனுப்பிருவாங்க. ஊருக்குப் போனா படிப்பு நின்னுரும்" என்றான்.

"தைரியமா சொல்லு தம்பி, நாங்க இருக்கோம்" என்று சொல்லத்தான் வாய் வந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இந்த முறை நாக்கை அடக்கிக்கொண்டேன். ஏன் அடக்கினேன் என்பதற்கான காரணம்தான் இந்தக் கட்டுரை. அந்தக் காரணம் நம் சேலம், நாமக்கல் மண்ணின் அண்மை வரலாற்றில் இருக்கிறது.

காட்டிக் கொடுத்தவன் என்ற பட்டம்

தவறை உள்ளேயிருந்து பார்த்து வெளியே சொல்பவரை இன்று பத்திரிகைகள் "விசில்புளோயர்" என்கின்றன. நம் பேச்சு மொழியில் அவருக்கு என்ன பெயர் என்று யோசித்துப் பாருங்கள். காட்டிக் கொடுத்தவன், கோள் மூட்டுகிறவன், கூட இருந்தே குழி பறித்தவன், உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவன். எல்லாமே வசவுகள். பாராட்டிச் சொல்ல ஒரு சொல்லைக்கூட ஊர் உருவாக்கவில்லை.

இது தற்செயல் இல்லை. "ஊர் விசயம் ஊரோடு இருக்கட்டும்" என்பது சாதியின் முதல் சட்டம். இரட்டைக் குவளை இருந்தால் அது ஊர் விசயம். சேரிப் பையனும் ஊர்ப் பெண்ணும் பேசினார்கள் என்று அடித்தால் அது ஊர் விசயம். காவல் நிலையத்துக்குப் போனவர்தான் ஊரைக் கெடுத்தவர். அடித்தவர் ஊர்ப் பெருமையைக் காத்தவர். அரசு அலுவலகத்தில் லஞ்சத்தை வெளியே சொல்பவர் அதிகாரிகளின் கோபத்தை மட்டும் சந்திக்கிறார். சாதி செய்த குற்றத்தை வெளியே சொல்பவர் தறிப்பட்டறை முதலாளி, மளிகைக்கடை, கோயில், பால் சொசைட்டி, பஞ்சாயத்து என ஒரு வாழ்க்கை முழுவதையும் எதிர்கொள்கிறார். அதுவும் அதே தெருவில் குடியிருந்துகொண்டு.

நமக்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஏட்டில். 2003 நவம்பர் 27 அன்று பீகாரின் கயாவில் சத்யேந்திர துபே என்ற பொறியாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். தேசிய நெடுஞ்சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, தன் பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லிக் கேட்டவர். அந்தக் கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில், கலப்படம் செய்த பெட்ரோல் பங்க்கைத் தட்டிக்கேட்ட இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் கொல்லப்பட்டார். இந்தச் சாவுகளுக்குப் பிறகு நாடு முழுக்க எழுந்த குரலால் 2014இல் தகவல் வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை அரசு வெளியிடவில்லை. அப்படியே வந்தாலும், அந்தச் சட்டம் பேசுவது அரசு ஊழியர்களின் முறைகேட்டைப் பற்றி மட்டும்தான். பெயர் சொல்லாமல் கொடுக்கும் புகாரை அது ஏற்காது. ஊரும் சாதிச் சங்கமும் செய்யும் குற்றத்தைச் சொல்பவருக்கு அதில் இடமே இல்லை.

நமக்கு விசில்புளோயர் என்றால் பெரும்பாலும் சாட்சிதான். பார்த்ததைப் பார்த்தபடி நீதிமன்றத்தில் சொல்லும் ஆள். அவருடைய வரலாற்றைத்தான் நாம் படிக்க வேண்டும்.

மேலவளவின் சாட்சிகள் சேலத்துக்கு வந்தார்கள்

மதுரை மாவட்டம் மேலூர் அருகே மேலவளவு. 1996இல் அந்த ஊராட்சியின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மனுத்தாக்கல் செய்தவர்கள் மிரட்டப்பட்டார்கள், தேர்தல் தள்ளிப்போனது, வாக்குப்பெட்டிகள் தூக்கிச் செல்லப்பட்டன. கடைசியில் முருகேசன் வென்றார். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்த முருகேசனும் உடனிருந்தவர்களும் வழிமறித்து வெட்டப்பட்டார்கள். ஆறு பேர் மாண்டார்கள். முருகேசனின் தலையை அறுத்துக் கிணற்றில் போட்டார்கள். பட்டப்பகல், ஓடும் பேருந்து, உள்ளே பயணிகள்.

அத்தனை பேர் பார்த்த கொலையிலும் சாட்சி சொல்ல ஆள் கிடைப்பது கடினமாக இருந்தது. வெட்டுப்பட்டுத் தப்பியவர்களும் சேரி மக்களும்தான் நின்றார்கள். சொந்த மாவட்டத்தில் விசாரணை நடந்தால் இவர்களும் நிற்க முடியாது என்பதை வழக்கறிஞர் பொ. இரத்தினமும் அவரோடு இருந்தவர்களும் உணர்ந்தார்கள். நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு விசாரணை சேலம் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2001 ஜூலையில் சேலம் அமர்வு நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன.

சேலம் கோர்ட் வளாகத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாட்சிகளின் ஞாபகம் வரும். கூலி வேலை செய்பவர்கள். பல மணி நேரம் பஸ் பயணம். இறங்கினால் தெரியாத ஊர். கூண்டில் ஏறினால் குறுக்கு விசாரணை. திரும்பிப் போனால் அதே மேலவளவு, அதே தெரு, எதிரியின் சொந்தக்காரர்கள் எதிர்த் திண்ணையில். அவர்கள் பிறழவில்லை. அவர்களைச் சுற்றி வழக்கறிஞர்களும் தோழர்களும் ஒரு வளையமாக இருந்தார்கள். செலவுக்குப் பணம், தங்க இடம், கூட வர ஆள், கோர்ட்டில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே புரியவைத்தல் என எல்லாமே அமைப்பாகச் செய்ய வேண்டிய வேலைகள். மேடையில் இதற்குக் கைதட்டல் கிடைக்காது.

இந்தக் கதையின் அடுத்த பகுதி கசப்பானது. 2008இல் அண்ணா நூற்றாண்டையொட்டி மூவரும், 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி பதின்மூன்று பேரும் முன்கூட்டியே விடுதலையானார்கள். ஆயுள் தண்டனைக்கு ஒரு முடிவு இருந்தது. சாட்சி சொன்னவரின் அச்சத்துக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. சாட்சி சொல்வது ஒரு நாள் வேலை, தீர்ப்போடு முடிந்துவிடும் என்று நினைக்கும் இளைஞர்கள் இந்த 2019 நவம்பரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்செங்கோட்டு மலையில் ஒரு கேமரா

மேலவளவுக்கு ஏறக்குறையப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, நம் பகுதி. 2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், உடன் படித்த தோழியைச் சந்திக்கத் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலுக்குப் போகிறார். கோகுல்ராஜ் தலித். அந்தப் பெண் கொங்கு வேளாளக் கவுண்டர் சமூகம். கோயிலில் ஒரு கும்பல் இருவரையும் மறித்து, பெண்ணை அனுப்பிவிட்டு, கோகுல்ராஜைக் காரில் ஏற்றிச் செல்கிறது. மறுநாள் பள்ளிபாளையம் அருகே தொட்டிபாளையத்தில் ரயில் தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட உடல் கிடைக்கிறது. தற்கொலைக் கடிதம் கிடைக்கிறது. தானே சாகப் போவதாக அவரை மிரட்டிப் பேசவைத்த வீடியோவும் கிடைக்கிறது.

இங்கே நின்று கவனியுங்கள். கொலையாளிகள் ஆளை மட்டும் கொல்லவில்லை. பொய்யான ஒரு சாட்சியத்தையும் சேர்த்தே தயாரித்தார்கள். செத்தவனையே தனக்கு எதிரான சாட்சியாக நிறுத்தினார்கள். "காதல் தோல்வி, தண்டவாளத்தில் தலை வைத்துவிட்டான்" என்று கோப்பை மூடுவதற்குத் தேவையான எல்லாமே தயாராக இருந்தது.

மூட விடாதவர் அவருடைய அம்மா சித்ரா. மகன் சாவில் மர்மம் இருக்கிறது என்று உடலை வாங்க மறுத்தார். நம் தோழர்கள் சேலம் அரசு மருத்துவமனை முன்பு உட்கார்ந்தார்கள். வழக்கு கொலையாகவும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் மாறியது. தீரன் சின்னமலை கவுண்டர் பேரவை என்ற சாதி அமைப்பின் தலைவர் யுவராஜ் முதன்மைக் குற்றவாளியாகத் தேடப்பட்டார். அவர் நூறு நாட்களுக்கும் மேல் தலைமறைவாக இருந்தார். அந்த நாட்களில் அவருடைய குரல் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றியது, தொலைக்காட்சியிலும் பேசினார். போலீசுக்குக் கிடைக்காத ஆள் எல்லோருடைய போனிலும் இருந்தார். அந்தக் குரல் யாருக்காக? சாட்சிகளுக்காக. "நான் வெளியேதான் இருக்கிறேன்" என்ற செய்தி அது. 2015 அக்டோபர் 11 அன்று நாமக்கல் சி.பி.சி.ஐ.டி. அலுவலகத்தில் அவர் சரணடைந்தபோது ஒரு திருவிழாக் கூட்டமே கூடியது.

டி.எஸ்.பி. நாற்காலி

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி இத்தகைய வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். அன்று திருச்செங்கோட்டில் அந்த நாற்காலியில் இருந்தவர் விஷ்ணுபிரியா. வயது 27. படித்து, தேர்வெழுதி, நேரடியாக டி.எஸ்.பி. ஆன தலித் பெண். 2015 செப்டம்பர் 18 அன்று தன் குடியிருப்பில் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது காவல்துறை. மேலதிகாரிகளின் நெருக்கடி என்றது குடும்பம். அவருடைய தோழியான இன்னொரு பெண் டி.எஸ்.பி., சீருடையில் இருந்துகொண்டே அதே குற்றச்சாட்டை ஊடகங்கள் முன் சொன்னார். 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றியது.

அவருடைய சாவுக்குக் காரணம் இதுதான் என்று நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை. நாம் பார்க்க வேண்டியது வேறு ஒன்று. சட்டத்தின் கையில் இருப்பவர், துப்பாக்கியும் வண்டியும் காவலும் உள்ளவர், அவரும் தனியாக இருந்தார். "நம்ம புள்ள ஒண்ணு அந்தச் சீட்டுல உக்காந்தா எல்லாம் மாறிரும்" என்று நாம் நம்புகிறோம். உட்கார்ந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு யார் துணை என்று கேட்பதில்லை.

நாமக்கல்லுக்கே தெரிந்த இன்னொரு அதிகாரி உ. சகாயம். 2009இல் இங்கே ஆட்சியராக இருந்தபோது தன் சொத்துக் கணக்கை மாவட்ட இணையதளத்தில் வெளியிட்டவர். பிறகு மதுரை ஆட்சியராக கிரானைட் கொள்ளை பற்றி 2012 மே மாதம் அறிக்கை அனுப்பினார். சில நாட்களில் கோ-ஆப்டெக்சுக்கு மாற்றப்பட்டார். பிறகு உயர் நீதிமன்றமே அவரை விசாரணை அதிகாரியாக நியமித்தது. 2015 செப்டம்பரில், நரபலிப் புகாரில் தோண்ட வேண்டிய இடத்தின் தடயம் அழிந்துவிடும் என்று அவர் இரவெல்லாம் சுடுகாட்டில் படுத்துக் காவல் காத்தார். நீதிமன்ற ஆணை கையில் உள்ள ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கே இந்த நிலை. அதே மாதம், அதே தமிழ்நாடு, திருச்செங்கோட்டில் விஷ்ணுபிரியா.

பிறழ்ந்த சாட்சி

கோகுல்ராஜ் வழக்கின் விசாரணை 2018இல் நாமக்கல்லில் தொடங்கியது. சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிறழ ஆரம்பித்தார்கள். கோகுல்ராஜோடு கோயிலுக்குப் போன தோழி, முன்பு மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் கொடுத்தவர், கூண்டில் ஏறி எல்லாவற்றையும் மறுத்தார். பிறகு 2022 நவம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் அவரை நேரில் அழைத்து, கோயில் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். அதில் தெரிவது தான் இல்லை என்றார். நீதிமன்றம் அவர் மீது அவமதிப்பு நடவடிக்கை எடுத்தது.

அந்த நாட்களில் நம் தோழர்கள் சமூக வலைத்தளங்களில் அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியதை எல்லாம் படித்தேன். நானும் கோபத்தில் எழுத நினைத்தவள்தான். சித்ரா அம்மாவின் இடத்தில் இருந்து பார்த்தால் அந்த மறுப்பு இன்னொரு கொலை. அதை நியாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை. ஆனால் சமூகவியல் படித்தவள் என்ற முறையில் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. முதலில் உண்மையைச் சொன்ன அந்த இளம்பெண்ணை அதன் பிறகு எங்கே விட்டோம்? அதே வீட்டில், அதே சாதிக்குள். பெற்றோர், பிறகு கணவர், மாமனார், உறவுகள் என யாருடைய "மானத்துக்காக" கொலை நடந்ததோ அவர்களிடமே திருப்பி அனுப்பினோம். ஆண்டுக்கணக்கில் அங்கே வாழ்ந்தபடி அவர் நிமிர்ந்து நிற்பார் என்று எதிர்பார்த்தோம். அவருடைய பொய் அவருடையதுதான். அந்தப் பொய்யை விளைவித்த நிலத்தை நாம் பேசாமல் விட்டால் அடுத்த வழக்கிலும் இதுவே நடக்கும்.

அவர் பிறழ்ந்தும் வழக்கு ஏன் விழவில்லை? சித்ரா அம்மா உயர் நீதிமன்றம் போனார். விசாரணை 2019இல் மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறியது. ஒரு காலத்தில் மதுரைக்காரர்கள் பயத்தோடு சேலம் வந்தார்கள். இப்போது நம் ஆட்கள் மதுரைக்குப் போனார்கள். அரசுச் சிறப்பு வழக்கறிஞராக ப.பா. மோகன் வந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். மனிதர்கள் மறுத்ததை மலைக்கோயில் கேமரா மறுக்கவில்லை. கோயிலுக்குள் வந்தவர் யார், அவரை அழைத்துப் போனவர்கள் யார் என்ற சங்கிலி கண்ணி கண்ணியாகக் கோக்கப்பட்டது. 2022 மார்ச் 5 அன்று யுவராஜ் உட்பட பத்துப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. மார்ச் 8 அன்று தண்டனை. யுவராஜுக்கு மூன்று ஆயுள் தண்டனை, சாகும்வரை சிறை. மேல்முறையீட்டின்போது 2023 ஜனவரி 22 அன்று இரு நீதிபதிகளும் திருச்செங்கோடு வந்து கோயிலையும் தண்டவாளத்தையும் நேரில் பார்த்தார்கள். 2023 ஜூன் 2 அன்று யுவராஜ் உள்ளிட்டோரின் ஆயுள் தண்டனை உறுதியானது.

முக்கியமான ஒரே சாட்சியின் தோள் மேல் மொத்த வழக்கையும் ஏற்றியிருந்தால் நாமக்கல்லிலேயே அது முடிந்திருக்கும். பல கைகள் தாங்கியதால்தான் ஒரு கை நழுவியபோதும் நின்றது.

என் தவறு

இப்போது அந்த விடுதித் தம்பிக்கு நான் ஏன் உடனே பதில் சொல்லவில்லை என்று சொல்கிறேன்.

வேலைக்கு வந்த புதிதில், தறிப்பட்டறையில் வேலை செய்த ஒரு அக்காவைப் பத்திரிகையாளர்கள் முன் உட்காரவைத்தேன். பட்டறையில் சாதி சொல்லித் திட்டுவது, முன்பணத்தைக் காட்டி வெளியே விடாமல் வைத்திருப்பது எல்லாவற்றையும் அவர் சொன்னார். நன்றாகச் சொன்னார். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. மறுவாரம் முதலாளி வாங்கிய முன்பணம் முழுவதையும் ஒரே தவணையில் வைக்கச் சொன்னார். அக்கம்பக்கத்துப் பட்டறைகளிலும் அவர்களுக்கு வேலை இல்லை. வீட்டுக்காரரும் பட்டறை ஆள் என்பதால் வாடகை வீடும் போனது. ஒரு இரவில் பாத்திரங்களோடு வேறு மாவட்டம் போனார்கள். போவதற்கு முன் அந்த அக்கா என்னிடம் கோபமாகக்கூடப் பேசவில்லை. "உங்களுக்கென்னங்க, நீங்க பஸ் ஏறிப் போயிருவீங்க" என்று மட்டும் சொன்னார்.

உண்மைதான். அந்த மாதமும் எனக்குச் சம்பளம் வந்தது.

பொது நன்மைக்காக உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் ஆபத்தை ஒருவர் சுமக்க, அறத்தின் பெருமையை இன்னொருவர் வாங்கிக்கொள்வதை அறம் என்று சொல்ல முடியாது. நம் மாவட்டங்களில் பேச வேண்டியவர்கள் யாரென்று பாருங்கள். தறிப்பட்டறையில், கோழிப்பண்ணையில், சேகோ மில்லில், ரிக் வண்டியில் வேலை செய்பவர்கள். பலருக்கு முன்பணக் கடன். கூலி கொடுப்பவரும் குற்றம் செய்பவரும் ஒரே சாதி, சில நேரம் ஒரே ஆள். "தைரியமா சொல்லு" என்று நாம் சொல்லும்போது அவர் பணயம் வைப்பது அரிசிப்பானையை.

பேச வைப்பதற்கு முன்

எனவே இளைய தோழர்களுக்குச் சில வேலைகளைச் சொல்கிறேன். உபதேசம் இல்லை, பட்டுத் தெரிந்தவை.

ஒருவர் உங்களிடம் வந்து ஒன்றைச் சொன்னால் முதலில் போனை உள்ளே வையுங்கள். அவர் முகத்தோடு வீடியோ போடுவது அவரைக் காப்பதற்கா, நம் பக்கத்துக்குப் பார்வையாளர்களைச் சேர்ப்பதற்கா என்று உங்களையே கேளுங்கள். வேலை போனால் அடுத்த மூன்று மாதம் அந்த வீடு எப்படி ஓடும் என்பதற்குப் பதில் கையில் இருந்தால் மட்டும் அடுத்த அடி வையுங்கள். முடிவு அவருடையது. "வேண்டாம்" என்று சொன்னால் அவரைக் கோழை என்று சொல்லும் தகுதி நம் யாருக்கும் இல்லை.

அவர் சொல்வதைச் சரிபாருங்கள். தவறான ஒரு தகவல் போதும், பத்து உண்மைகளையும் பொய் என்பார்கள். படம், பதிவு எது இருந்தாலும் மூலப் பிரதியை அழியாமல் வையுங்கள், வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றம் ஏற்க உரிய சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, இப்போது புதிய சட்டத்தின் 63ஆவது பிரிவு. கேமராப் பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். எனவே அவற்றைக் கைப்பற்றச் சொல்லி முதல் நாளே எழுத்தில் கேளுங்கள்.

வன்கொடுமை வழக்கென்றால், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள 15ஏ பிரிவை மனப்பாடமாக வைத்திருங்கள். சாட்சிக்கும் அவர் குடும்பத்துக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு, தேவைப்பட்டால் வேறு இடத்தில் குடியமர்த்தல், பெயர் முகவரியை மறைத்தல், விசாரணையை வீடியோவில் பதிதல் எல்லாம் அதில் உரிமைகளாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. யாரும் கேட்காததால் பல இடங்களில் கொடுப்பதில்லை. பாதிக்கப்பட்டவர்கள் விரும்பும் வழக்கறிஞரைச் சிறப்பு வழக்கறிஞராகக் கேட்கவும் விதிகளில் வழி உண்டு. சித்ரா அம்மா வழக்கின் போக்கை மாற்றியது அத்தகைய கேட்டலால்தான்.

2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுக்கலாம். சாட்சிக்கு உள்ள அச்சுறுத்தலை மதிப்பிட்டு ஐந்து வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையைத் தர வேண்டியவர் அந்த உட்கோட்டத்தின் டி.எஸ்.பி. திருச்செங்கோட்டில் என்றால் விஷ்ணுபிரியா இருந்த அதே நாற்காலி. அதனால்தான் சொல்கிறேன், சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், ஆனால் சட்டத்தை மட்டும் நம்பிச் சாட்சியைத் தனியே வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

அந்த விடுதித் தம்பியின் பெயர் எங்கேயும் வரவில்லை. அவன் எடுத்த படங்களை நாங்கள் வெளியிடவும் இல்லை. விடுதிக்குச் சம்பந்தமே இல்லாத, வேறு ஊரில் இருக்கும் ஒருவர் பெயரில், மாதவாரியாக மாணவர் எண்ணிக்கையும் பொருள் வரவும் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். இன்னொரு பக்கம், சாப்பாட்டின் தரம் பற்றி மட்டும் ஒரு மனு. அதில் விடுதி மாணவர்கள் நாற்பது பேருக்கும் மேல் கையெழுத்துப் போட்டார்கள். நாற்பது பேரை ஒரே நாளில் வெளியே அனுப்ப முடியாது அல்லவா? ஆய்வுக்கு அதிகாரிகள் வந்தார்கள். கணக்கு திருந்தியது. யாரும் தண்டிக்கப்படவில்லை, அது ஒரு குறைதான். தம்பி அதே விடுதியில் இருந்து தேர்வு எழுதினான்.

அவனுடைய கையெழுத்தும் அந்தத் தாளில் இருக்கிறது. எத்தனையாவது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.